திக்கினாலும் சொல்லி முடிப்பேன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் முள்ளிப்பட்டு குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



இப்போ என் பேரை மைக்கில் சொன்னேன். எத்தனை இடத்தில் முட்டுச்சுன்னு நீங்களே கேட்டீங்க. எனக்குப் பேச பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. மத்தவங்க பத்து நிமிஷத்தில் சொல்றதை நான் சொல்ல இருபது நிமிஷம் ஆகும். தலைவி அக்காகிட்ட முன்னாடியே கேட்டேன். "நீ அரை மணி நேரம் எடுத்துக்கோ, சாப்பாடு ஆறிப்போனா ஆறட்டும்"னு சொன்னாங்க. அதனால யாரும் அவசரப்பட வேணாம். நான் திக்குவேன். திக்கினாலும் சொல்லி முடிப்பேன்.

எனக்கு நாலு வயசில் திக்கு ஆரம்பிச்சதாம். எங்கம்மா என் நாக்கில் வசம்பு சுட்டுத் தேய்ச்சாங்க. கோயிலில் வேண்டிக்கிட்டாங்க. வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசச் சொல்லி ஒருத்தர் சொன்னார். திடீர்னு பயமுறுத்தினா சரியாகும்னு சொல்லி, பின்னாடியிருந்து தோளில் அடிச்சவங்களும் உண்டு. எங்கம்மா செஞ்ச எதுவும் பாசம் இல்லாமல் செஞ்சது இல்லை. ஆனா எதுவும் பலிக்கலை.

பள்ளிக்கூடத்தில் காலையில் பேர் கூப்பிடுவாங்க. "உள்ளேன் ஐயா" சொல்லணும். எனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். அஞ்சு பேர், நாலு பேர், மூணு பேர்... என் முறை வரும்போது தொண்டை அடைச்சிடும். கையைத் தூக்கிக் காட்டுவேன். வகுப்பே சிரிக்கும். எட்டாம் வகுப்போட நின்னுட்டேன். வீட்டு நிலைமைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனா பாதி காரணம் அந்த "உள்ளேன் ஐயா".

என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. "நீ வாயைத் திறக்காதே, காபியைக் கொடுத்துட்டு உள்ளே வந்துடு"ன்னு எங்கம்மா சொல்லி அனுப்பினாங்க. நானும் ஒரு வார்த்தை பேசலை. எங்க மாமியாருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமான பொண்ணா"ன்னு ஊர் முழுக்கச் சொன்னாங்க. கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரத்தில் விஷயம் தெரிஞ்சது. கொஞ்ச நாள் வருத்தமா இருந்தாங்க. அப்புறம் சரியாயிட்டாங்க. இன்னிக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அவங்களைக் கேட்டா, "அடக்கமான பொண்ணுன்னு நினைச்சுக் கூட்டிவந்தேன், ஏமாந்துட்டேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க.

திக்கு இருக்கிறவங்க எப்படி வாழறாங்கன்னு வெளியில் இருக்கிறவங்களுக்குத் தெரியாது. திக்கிறது கொஞ்சம்தான். திக்காமல் தப்பிக்கப் படுற பாடுதான் அதிகம். எனக்கு உதடு ஒட்டி வர எழுத்தெல்லாம் எதிரி. ப, ம ரெண்டும் வராது. நான் பிறந்து வளர்ந்து வாக்கப்பட்டது எல்லாமே இந்த முள்ளிப்பட்டில்தான். ஆனா பஸ்ஸில் ஏறினா ஊர் பேரைச் சொல்ல வராது. "ஆரணி"ன்னு சொல்லி டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி வெயிலில் நடந்து வருவேன். 2021-லிருந்து நமக்கெல்லாம் டவுன் பஸ்ஸில் இலவசம். காசு மிச்சம், ஆனா கண்டக்டர் "எங்கம்மா இறங்கணும்?"னு கேட்காமல் இருப்பாரா? அப்பவும் ஆரணிதான்.

முந்தானைன்னு சொல்ல வராது, தலைப்புன்னு சொல்லுவேன். ஒரு தடவை ஊடைப் பட்டு வாங்கிவர வீட்டுக்காரர் என்னை அனுப்பினார். "மயில்கழுத்து கலர்"னு கேட்கணும். அந்த "ம" வரலை. அங்கே நாலு பேர் நிக்கறாங்க. நான் அவசரத்தில் "நீலம்"னு சொல்லிட்டேன். நீலப் பட்டு கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டு வந்துட்டேன். தப்பான கலர்னு எனக்கு அங்கேயே தெரியும். தெரிஞ்சே கொண்டுவந்தேன். அன்னிக்கு அரை நாள் தறி நின்னுச்சு. "காது கேட்கலையா"ன்னு வீட்டில் கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன். திக்கிடுச்சுன்னு சொல்றதைவிட, காது கேட்கலைன்னு சொல்றது எனக்கு அப்போ சுலபமா இருந்துச்சு.

இப்படித்தான் நான் குழுவில் சேர்ந்தேன். பேசுறதுக்காகச் சேரலை. கந்து வட்டி கட்ட முடியாமல் சேர்ந்தேன். நம்ம மாநிலத்தில் இந்த மாதிரி குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. அப்புறம் 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து எல்லா மாவட்டத்துக்கும் பரவியது. சேமிப்புக்காகவும் கடனுக்காகவும் தொடங்கினதுன்னு பயிற்சியில் சொல்லுவாங்க. ஆனா வீட்டு வாசலைத் தாண்டாத பொண்ணுங்களை வட்டமா உட்காரவெச்சு, ஒவ்வொருத்தரா வாயைத் திறக்கவெச்சதும் அந்தக் குழுதான். மத்தவங்களுக்கு அது வரம். எனக்கு அது தண்டனை.

ஏன்னா ஒவ்வொரு கூட்டமும், ஒவ்வொரு பயிற்சியும் அறிமுகத்தில்தான் தொடங்கும். பேர், ஊர், குழு பேர். மூணுமே எனக்கு முட்டும். என் முறை வருதுன்னா, "தண்ணி கொண்டுவரேன்"னு எழுந்து போயிடுவேன். ரெண்டு வருஷம் நம்ம குழுவுக்கு நான்தான் தண்ணி கொண்டுவந்தேன். "எவ்வளவு சேவை மனப்பான்மை"ன்னு பாராட்டினாங்க.

ஒரே ஒரு அதிசயம் இருந்துச்சு. கூட்டத்தின் ஆரம்பத்தில் எல்லாரும் சேர்ந்து உறுதிமொழி சொல்லுவோமே, அதில் எனக்கு ஒரு எழுத்துகூட திக்காது. மத்தவங்க குரலோடு என் குரல் சேர்ந்தா தண்ணி மாதிரி ஓடும். கோயிலில் பாடினாலும் திக்காது. தறிக்குப் பக்கத்தில் தனியா உட்கார்ந்து பேசினாலும் திக்காது. அப்போ நான் நினைச்சுக்கிட்டேன்: இது வியாதி இல்லை, என் மனசில்தான் ஏதோ கோளாறு, நான்தான் நடிக்கிறேன்னு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, திக்குவாய் உள்ள அநேகம் பேருக்கு உலகம் முழுக்க இப்படித்தான்னு. சேர்ந்து சொன்னா வரும், பாடினா வரும், தனியா நாலு பேர் முன்னாடி சொன்னா வராது. அது திக்குவாயின் இயல்பு. நடிப்பு இல்லை.

இப்போ நான் சொல்லப்போறதுதான் முக்கியமான விஷயம். இதைச் சொல்லலாமான்னு சம்பந்தப்பட்ட அக்காவைக் கேட்டேன். "பேரைச் சொல்லாமல் சொல்லு"ன்னாங்க. இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க.

எங்க குழுவில் ஒரு அக்கா, வீட்டுக்காரர் இல்லாதவங்க. தார் சுற்றி, பாவு பிணைக்கப் போய் ரெண்டு பிள்ளைங்களை வளர்த்தாங்க. உள்கடன் வாங்கியிருந்தாங்க. ஒரு மாசம் தெருவில் துக்கம், கூட்டம் நடக்கலை. அந்த அக்கா தவணைப் பணம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கணக்கு எழுதுறவங்க வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாங்க. நான் அப்போ அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பணத்தை எண்ணினதை என் கண்ணால் பார்த்தேன். கணக்கு எழுதுறவங்க அவசரத்தில் பேரேட்டில் ஏத்தலை. வேற ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிச்சு வெச்சுட்டு மறந்துட்டாங்க. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை, மறதிதான்.

அடுத்த கூட்டத்தில் கணக்குப் படிக்கும்போது, அந்த அக்கா தவணை பாக்கின்னு வந்துச்சு. "நான் கட்டிட்டேனே"ன்னு அவங்க சொல்றாங்க. "எங்கே எழுதியிருக்கு?"ன்னு கேட்கறாங்க. பணம் வாங்கினவங்களுக்கு ஞாபகம் இல்லை. பேச்சு முத்திப்போச்சு. "வங்கிக் கடன் வர நேரம், ஒருத்தரால் குழு பேர் கெடணுமா"ன்னு ஒருத்தர் கேட்டாங்க. அந்த அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் திண்ணையில் இருந்தது அவங்களுக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். "பார்த்தேன்"னு சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை. அந்த "பா" வரலை. உதடு ஒட்டிக்கிச்சு. கழுத்து நரம்பு புடைக்குது, கண்ணு மூடிக்குது, சத்தம் வரலை. எவ்வளவு நேரம் நின்னேனோ தெரியலை. "சரி விடும்மா, அப்புறம் சொல்லு, உட்காரு"ன்னு யாரோ சொன்னாங்க. எனக்கு நல்லது செய்றதா நினைச்சுத்தான் சொன்னாங்க. நான் உட்கார்ந்துட்டேன்.

அந்த அக்கா வேலை செய்யுற இடத்தில் முன்பணம் வாங்கி, அதே தவணையை ரெண்டாவது தடவை கட்டினாங்க.

ஒன்றரை மாசம் கழிச்சு அந்த நோட்டின் கடைசிப் பக்கம் கிடைச்சது. குழுவே மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தீர்மானப் புத்தகத்திலும் எழுதினோம். ஆனா அந்த அக்கா தெருவில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாங்க. "நீ பார்த்தியே, ஏன் சொல்லலை?" நான் திக்கித் திக்கி, "வா... வாய் வரலை அக்கா"ன்னேன். அவங்க சொன்னாங்க: "வாய் வரலை சரி. கைக்கு என்ன? எட்டாவது வரைக்கும் படிச்சவதானே, ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாமே?"

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அவங்க கேட்டது நியாயம். நான் ஏன் எழுதிக் காட்டலை? எழுதிக் காட்டினா, எனக்குப் பேச வரலைங்கறதை நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுதான் காரணம். அந்த அக்காவைக் காட்டிக்கொடுத்தது என் திக்கு இல்லை, என் வெட்கம். திக்கு வேற, வெட்கம் வேற. ரெண்டையும் நான் ஒண்ணுன்னே நினைச்சு முப்பது வருஷம் ஓட்டிட்டேன். திக்கு என் கையில் இல்லை. வெட்கம் என் கையில் இருக்கு.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு காகிதத்தில் எழுதிக்கிட்டுப் போனேன். தண்ணி கொண்டுவர எழுந்து போகலை. என் முறை வந்ததும், "எனக்குத் திக்கும். சொல்லி முடிக்க நேரம் ஆகும். நான் முடிக்கிற வரைக்கும் யாரும் எடுத்துக் கொடுக்காதீங்க. ரொம்ப முட்டினா எழுதிக் காட்டுவேன்"னு சொன்னேன். இந்த நாலு வரியைச் சொல்ல மூணு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. எல்லாரும் அமைதியா இருந்தாங்க. ஒரு பாட்டி மட்டும், "இது எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தது உனக்காகத்தான்"னு சொன்னாங்க. எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. இத்தனை வருஷம் மறைக்கிறதா நினைச்சேன், யார்கிட்டயும் மறையவே இல்லை.

ஒரு விஷயம் ஆச்சரியமா இருந்துச்சு. சொல்லிட்ட பிறகு திக்கு கொஞ்சம் இளகுச்சு. தெரிஞ்சிடுமோ, தெரிஞ்சிடுமோங்கற பயம் போனதும் பாதி பாரம் இறங்குச்சு.

அதோட நம்ம குழுவில் ஒரு வழக்கம் வெச்சோம். ஒருத்தர் பேசும்போது அவங்க "அவ்வளவுதான்"னு சொல்ற வரைக்கும் அடுத்தவங்க பேசக்கூடாது. எனக்காக வெச்ச வழக்கம் இது. ஆனா பலன் அடைஞ்சது நான் மட்டும் இல்லை. புதுசா கல்யாணம் ஆகி வந்த பொண்ணுங்க, படிக்காத பாட்டிங்க, குரல் சன்னமா இருக்கிறவங்க, இவங்கெல்லாம் அதுக்கப்புறம்தான் குழுவில் பேச ஆரம்பிச்சாங்க. கடன் யாருக்கு முதலில் கொடுக்கணும்னு முடிவெடுக்கும்போது, சத்தமா பேசறவங்க பக்கமே முடிவு போயிட்டிருந்துச்சு. அது மாறுச்சு.

இதுக்கு ஒரு வருஷம் கழிச்சு, என் மகளுக்கு நாலு வயசு. ஒருநாள் காலையில் "ப... ப... ப... பால்"னு கேட்டா. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. என் வாயிலிருந்துதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். மாமியார் வசம்பை எடுத்தாங்க. நான் முதல் தடவையா அவங்க கையைப் பிடிச்சு, வேணாம்னேன். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, அங்கேயிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்ககிட்ட அனுப்பினாங்க. அந்த அம்மா எனக்குச் சொன்னதையெல்லாம் உங்களுக்கும் சொல்றேன். ஏன்னா உங்க வீட்டிலேயோ பக்கத்து வீட்டிலேயோ இப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

திக்கு பெரும்பாலும் ரெண்டு வயசிலிருந்து அஞ்சு வயசுக்குள்ள தொடங்கும். நூறு பிள்ளைங்களில் அஞ்சு பேருக்காவது ஒரு காலத்தில் வந்துபோகும். அதில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவோ பயிற்சியாலோ போயிடும். பெரியவங்களில் நூத்துக்கு ஒருத்தர் அளவுக்குத் தங்கிடும். ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். பெரியவங்களில் நாலு ஆம்பளைக்கு ஒரு பொம்பளைன்னு சொல்றாங்க. அதனாலதான் நம்ம மாதிரி ஒரு பொண்ணு, தன்னைப் போல இன்னொரு பொண்ணைப் பார்க்காமலே வாழ்ந்துடறா.

இது பயத்தால் வர்றது இல்லை. அம்மா வளர்ப்பால் வர்றது இல்லை. கிரகணத்தில் வெளியே வந்ததால் வர்றதும் இல்லை. மூளையில் பேச்சுக்கான வேலைகள் ஒண்ணோடு ஒண்ணு சேர்ற நேரத்தில் ஏற்படுற ஒரு வித்தியாசம். வம்சத்தில் இருந்தா வர வாய்ப்பு அதிகம். பார்த்து ஒட்டிக்கிறது கிடையாது. நாக்குக்கு அடியில் அறுத்தா சரியாகும்னு சொல்றதும் தப்பு. திக்கு நாக்கில் இல்லை. வசம்பு, கூழாங்கல் எதுக்கும் இது கட்டுப்படாது. கூழாங்கல் தொண்டையில் சிக்கினா உயிருக்கே ஆபத்து.

பிள்ளை திக்கினா என்ன செய்யணும்? அந்த அம்மா சொன்னது சுலபமா இருந்துச்சு. "மெதுவா பேசு", "மூச்சு விட்டுப் பேசு", "திருப்பிச் சொல்லு"ன்னு பிள்ளையைத் திருத்தாதீங்க. நீங்க மெதுவா பேசுங்க. அது சொல்றதைக் கடைசி வரைக்கும் கேளுங்க. வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீங்க. எப்படிச் சொல்லுதுன்னு பார்க்காமல், என்ன சொல்லுதுன்னு கேளுங்க. விருந்தாளி வந்தா பாட்டுச் சொல்லு, பேர் சொல்லுன்னு நிறுத்திவைக்காதீங்க. ஆறு மாசத்துக்கு மேல நீடிச்சாலோ, வீட்டில் வேற யாருக்காவது திக்கு இருந்தாலோ, பிள்ளை பேசவே பயந்தாலோ, தள்ளிப்போடாமல் கூட்டிக்கிட்டுப் போங்க. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழுகிட்டயும் சொல்லலாம். அவங்க எங்கே போகணும்னு வழி காட்டுவாங்க.

எனக்கும் அந்த அம்மா சில பயிற்சி சொன்னாங்க. கேட்டதும் எனக்குத் தறி ஞாபகம் வந்துச்சு. பாவில் ஒரு இழை அறுந்தா நாம என்ன செய்வோம்? இழுத்து அடிப்போமா? இழுத்தா பக்கத்து இழையும் போகும். மிதியை நிறுத்தி, முனையைத் தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி மெதுவா தொடங்குவோம். வார்த்தையும் அப்படித்தான். முட்டுற இடத்தில் தள்ளத் தள்ள இன்னும் இறுகும். அங்கேயே நிக்கணும், உதட்டைத் தளர்த்தணும், மறுபடி மெல்லத் தொடங்கணும். இன்னொரு பயிற்சி, வேணும்னே திக்கிறது. கடையில் போய், தெரிஞ்சே "ப-ப-பருப்பு"ன்னு கேட்கணும். கேட்க வேடிக்கையா இருக்கும். ஆனா எதுக்கு ஓடி ஒளியறோமோ அதை நாமே கூப்பிட்டு உட்காரவெச்சா, அதுக்கு நம்ம மேல இருக்கிற பிடி குறையுது.

உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும். எனக்கு முழுசா குணமாகலை. பெரியவங்களுக்கு அப்படி ஒரேயடியா குணமாக்கற மருந்தோ மாத்திரையோ கிடையாது. முப்பது நாளில் சரிபண்றேன்னு விளம்பரம் கொடுத்துப் பணம் பிடுங்கறவங்க இருக்காங்க. அவங்ககிட்ட குழுக் கடன் வாங்கிக் கட்டாதீங்க.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறா. அவதான் ஒரு விஷயம் சொன்னா. இந்தியாவில் திக்குவாய் உள்ளவங்களுக்கே ஒரு சங்கம் இருக்காம். தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்னு பேர். 2008-ல், திக்குவாய் உள்ள ஒரு மருத்துவர், சத்யேந்திர ஸ்ரீவாஸ்தவா என்பவர் தொடங்கினது. சென்னை உட்பட பல ஊர்களில் கூடறாங்க. அதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் என்ன தெரியுமா? சுய உதவிக்குழு! கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கலை. அவங்களும் வட்டமா உட்கார்றாங்க, ஒவ்வொருத்தரா பேசறாங்க, பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்திருக்காங்க. அவங்க பட்டணத்தில் கண்டுபிடிச்சதை நாம முள்ளிப்பட்டில் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடிச்சிருக்கோம். அக்டோபர் 22-ஆம் தேதி உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். 1998-லிருந்து கொண்டாடறாங்க. அந்த நாளில் ஒவ்வொரு குழுவிலும் அஞ்சு நிமிஷம் இதைப் பத்திப் பேசலாம்னு கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

திக்குவாய் இருந்தா முன்னுக்கு வர முடியாதுன்னு யாராவது சொன்னா, கேரளத்தைப் பார்க்கச் சொல்லுங்க. 1957-ல் அந்த மாநிலத்தின் முதல் முதலமைச்சரா வந்தவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட். சின்ன வயசிலிருந்தே அவருக்குத் திக்கு. ரெண்டு தடவை முதலமைச்சரா இருந்தார். ஆயிரக்கணக்கான கூட்டத்தில் திக்கிக்கிட்டே பேசினார். ஒருத்தர் அவர்கிட்ட, "உங்களுக்கு எப்பவும் திக்குமா?"ன்னு கேட்டாராம். "இல்லை, பேசும்போது மட்டும்தான்"னு அவர் சொன்னதா ஒரு கதை சொல்லுவாங்க. இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜுக்கும் திக்கு. 1939-ல் யுத்தம் தொடங்கினப்போ ரேடியோவில் நாட்டு மக்கள்கிட்ட அவர் பேசித்தான் ஆகணும். பயிற்சி கொடுத்த ஆசிரியர் பக்கத்தில் நிக்க, பேசி முடிச்சார். ராஜாவுக்கே பக்கத்தில் நிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. நமக்குப் பதினைஞ்சு பேர் இருக்காங்க.

இப்போ நான் குழுவின் பிரதிநிதி. வங்கிக்குப் போறேன். முதல் தடவை போனப்போ, குழு பேரைச் சொல்ல வராமல் நின்னேன். எதிரில் இருந்தவர் என்னை விட்டுட்டு ஊக்குநர் அக்காவைப் பார்த்து, "இவங்க பேச மாட்டாங்களா?"ன்னு கேட்டார். ஊக்குநர் அக்கா பதில் சொல்லலை. என்னைப் பார்த்தாங்க. காத்திருந்தாங்க. நான், "பே... பேசுவேன் சார், கொஞ்சம் பொறுங்க"ன்னேன். அவரும் பேனாவைக் கீழே வெச்சுட்டுக் காத்திருந்தார். கடன் வந்துச்சு. அன்னிக்கு ஊக்குநர் அக்கா எனக்காகப் பேசியிருந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும். ஆனா நான் இன்னிக்கு இந்த மேடையில் நின்னிருக்க மாட்டேன். உதவின்னா சில நேரம் வாயை மூடிக்கிட்டுப் பக்கத்தில் நிக்கிறதுதான்.

என் மகளுக்கு இப்போ பத்து வயசு. அவளுக்குத் திக்கு குறைஞ்சிருக்கு, போகலை. பள்ளி திறந்த அன்னிக்கு அவளோட ஆசிரியர்கிட்ட நானே போய்ச் சொன்னேன்: "எனக்கும் திக்கும், என் மகளுக்கும் திக்கும். பேர் கூப்பிடும்போது அவளுக்கு நேரம் கொடுங்க. கேள்வி கேட்காமல் மட்டும் விட்டுடாதீங்க." போன வாரம் அவ வந்து, "அம்மா, இன்னிக்கு 'உள்ளேன் ஐயா'வில் மூணு தடவை திக்குச்சு"ன்னா. "யாராவது சிரிச்சாங்களா?"ன்னு கேட்டேன். "ரெண்டு பேர் சிரிச்சாங்க. நான் சொல்லி முடிச்சுட்டுத்தான் உட்கார்ந்தேன்"னா. எனக்கு அது போதும்.

இங்கே வரும்போது நானும் அவளும் பஸ்ஸில் வந்தோம். திரும்பிப் போகும்போது கண்டக்டர் கேட்பார். மு... முள்ளிப்பட்டுன்னு சொல்லுவேன். நம்ம ஊரிலேயே இறங்குவேன்.

அக்கா தங்கச்சிகளே, உங்க குழுவிலும் ஒருத்தி தண்ணி கொண்டுவர எழுந்து போயிட்டே இருப்பா. திக்கு இருக்கலாம், படிப்பு இல்லாமல் இருக்கலாம், வீட்டில் அடி வாங்கிட்டு வந்தவளா இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் அவளை உட்காரச் சொல்லுங்க. தண்ணியை வேற யாராவது கொண்டுவரட்டும். அவ முறை வரும்போது காத்திருங்க. அவ சொல்லப்போற ஒரு வார்த்தை, இன்னொருத்தியோட ஆயிரத்து ஐந்நூறு ரூபாயா இருக்கலாம்.

 அவ்வளவுதான்.